நாலு காலுக்குத்தான் காசு காணும்

“ஒரு வண்டுக்கு ஆயிரத்து நானூற்றைம்பதா?”

கேட்டவரில் பிழை சொல்ல ஏலாது. மேசையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பொன்வண்டு. பச்சை நூலில் பின்னிய உடம்பு, முதுகில் மஞ்சள் நூலால் போட்ட வளைகோடுகள், இடையிடையே புள்ளிகள், ஆறு கால், இரண்டு உணர்கொம்பு. அவருடைய மகள் அதைத் தூக்கி வயிற்றை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மேசை தள்ளி, எங்கட வண்டைப்போல நாலு மடங்கு பெரிய கரடிப் பொம்மைகள் அறுநூறு ரூபாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்களிடம் ஒரு கரடியும் இல்லை.

“சும்மா இருக்கிற நேரத்தில பின்னுறதுதானே பிள்ளையள். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோவன்.”

நாங்கள் சிரித்து மழுப்பினோம். அவர் மகளின் கையில் இருந்து வண்டை மெல்லமாக எடுத்து, நாங்கள் வைத்த மாதிரியே தலை முன்பக்கம் பார்க்க மேசையில் வைத்துவிட்டுப் போனார். மரியாதையான மனிசி. அவ சொன்ன அந்தச் ‘சும்மா இருக்கிற நேரம்’ மட்டும் பின்னேரம் முழுக்க எங்கட காதுக்குள் இருந்தது. போன வருசம் இதே கதையை நாங்களே இன்னொருத்தருக்குச் சொல்லியிருக்கிறோம். அந்த வெட்கத்தையும் எழுத வேண்டும். அதற்கு முதலில் வண்டு எப்படி உருவாகிறது என்று சொல்லவேண்டும்.

குரோசேயில் பொம்மை செய்கிற முறைக்கு ஜப்பானியப் பெயர் அமிகுருமி. பின்னல் என்கிற சொல்லும் பஞ்சடைத்த பொம்மை என்கிற சொல்லும் சேர்ந்தது. வேலை ஒரு சின்ன வளையத்தில் தொடங்குகிறது. அந்த வளையத்துக்குள் கொக்கி ஊசியை விட்டு ஆறு கண்ணி எடுக்கவேண்டும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு, ஆகவே பன்னிரண்டு. பிறகு 18, 24, 30, 36. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டே போனால் அதே வட்டம் கிண்ணம்போலக் குழியத் தொடங்கும். கடைசியில் ஆறு ஆறாகக் குறைத்து, பஞ்சடைத்து, வாயை மூடினால் உருண்டை. பந்து, பூனைத் தலை, பூசணிக்காய் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

கேட்க இலேசு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கூட்டினால் வட்டத்துக்குப் பதிலாக அறுகோணம் வரும். கூட்டுகிற இடத்தைச் சுற்றுக்குச் சுற்று தள்ளிப் போடவேண்டும். சுற்று எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, அதால ஒரு ஊக்கைக் கொழுவி அடையாளம் வைக்கவேண்டும். ஊக்குக் கழன்று விழுந்தால் எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்களில் ஒருத்தி ரீவியில் நாடகம் பார்த்தபடி பின்னி, முப்பதாக இருக்கவேண்டிய சுற்றில் முப்பத்துநாலு கண்ணியோடு எழும்பினாள். அந்த வண்டுக்கு ஒரு பக்கம் விலா புடைத்திருந்தது. இன்னமும் எங்களிடம்தான் இருக்கிறது, கடதாசி பறக்காமல் வைக்க உதவுகிறது.

நூல் உறையில் போட்டிருக்கிற அளவைவிடச் சின்ன ஊசி எடுத்து இறுக்கிப் பின்னவேண்டும். இல்லாவிட்டால் கண்ணிகளுக்கு இடையால் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். இறுக்கிப் பின்னுகிறபோது ஊசி உள்ளே போக மறுக்கும். முதல் கிழமை பெருவிரலும் சுட்டுவிரலும் நோகும். இரண்டாம் கிழமை மணிக்கட்டு.

உடம்பு முடிந்த பிறகுதான் எங்களுக்குப் பிடித்த பகுதி. செட்டைகள் இரண்டும் தனித்தனியாகத் தட்டையாகப் பின்னப்படும். அவற்றின்மேல் நூலைக் கீழிருந்து ஊசியால் இழுத்து இழுத்து, பின்னலுக்கு மேலேயே ஒரு கோடு ஓட்டலாம். பென்சிலால் கீறுவதுபோலத்தான். மேலே சங்கிலித் தையல், புள்ளிகளுக்கு முடிச்சுத் தையல். இங்கே ஒரு அளவும் கிடையாது, கை போகிற போக்குத்தான். ஒரே ஆள் பின்னின இரண்டு வண்டுக்கு ஒரே முதுகு இருந்ததை நாங்கள் காணவில்லை. கோலம் போடுகிற கை உள்ளவர்கள் இதில் எங்களை எல்லாம் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

ஏன் பொன்வண்டு என்று கேட்பீர்கள். நெருப்புப்பெட்டிக்குள் இலை போட்டு அதை வளர்த்த கதையை அம்மாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தது ஒன்று. இன்னொன்று நாங்கள் வாசித்துத் திகைத்த செய்தி. அந்தக் காலத்தில் பொன்வண்டின் பச்சைச் செட்டைகளைத் துணியில் வைத்துத் தைத்தார்கள். இந்தியாவில் இருந்து அந்த வேலைப்பாடு இங்கிலாந்துவரைக்கும் போனது. 1888இல் எலன் ரெறி என்கிற நடிகை லேடி மக்பெத்தாக மேடையேறியபோது அவர் போட்டிருந்த உடுப்பு முழுக்க வண்டுச் செட்டைகள். அந்தக் கோலத்தில் அவரை ஜோன் சிங்கர் சார்ஜன்ற் ஓவியமாகவும் தீட்டினார். வண்டை எடுத்து நூலில் தைத்தார்கள் அவர்கள். நூலை எடுத்து வண்டு செய்கிறோம் நாங்கள். வண்டுக்கு இதுதான் நல்லது.

கடைசி வேலை பொருத்துவது. செட்டை, தலை, உணர்கொம்பு, ஆறு கால். காலுக்குள் கம்பி வைத்தால் வளைக்கலாம், ஆனால் குழந்தை வாயில் வைக்கிற சாமானுக்குள் கம்பி வைக்கக்கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கென்றால் பிளாஸ்ரிக் கண்ணும் வேண்டாம், கறுத்த நூலால் தைத்துவிடவேண்டும். பின்னுகிற ஆட்கள் பலருக்கு இந்தப் பொருத்துகிற வேலை பிடிக்காது. பின்னி முடித்த உடம்பும் தைக்காத கால்களுமாக எத்தனை வீட்டு அலுமாரியில் எத்தனை பூச்சிகள் தூங்குகின்றனவோ.

காலைப் பற்றி ஒரு பிடிவாதம் எங்களுக்கு உண்டு. பூச்சிக்கு ஆறு கால். இணையத்தில் கிடைக்கிற பொம்மை மாதிரிகளில் தேனீக்குக் காலே இருக்காது, வண்டுக்கு நாலு இருக்கும், சிலந்திக்கு ஆறு இருக்கும். (முன்னங்கால் இரண்டும் சுருங்கி, பார்வைக்கு நாலு காலில் நிற்கிற வண்ணத்துப்பூச்சிகளும் உண்மையில் இருக்கின்றன. அவை விதிவிலக்கு.) வட்டம் ஆறு கண்ணியில் தொடங்குகிறது, பூச்சி ஆறு காலில் நிற்கிறது, இதில் குறைக்க விடமாட்டோம் என்று சபதம்போல வைத்திருந்தோம். அந்தப் பிடிவாதத்தால்தான் அடி வாங்கினோம்.

அதற்கு முதல் இயந்திரக் கதை. இதை அறிந்த பிறகு கடைகளில் எங்கட பார்வையே மாறிவிட்டது. நிற்ரிங் எனப்படுகிற இரட்டை ஊசிப் பின்னலுக்கு 1589இலேயே வில்லியம் லீ என்பவர் இங்கிலாந்தில் இயந்திரம் செய்துவிட்டார். நீங்கள் போட்டிருக்கிற ரீசேட்டும் அந்த வழியில் வந்த இயந்திரம் பின்னியதுதான். குரோசேக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணியையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும், ஊசி ஏற்கெனவே முடிந்த பின்னலுக்குள் எந்தத் திசையாலும் நுழையவேண்டும். குரோசே இயந்திரம் என்ற பெயரில் ஆலைகளில் ஓடுவது உண்மையில் வேறு வகைப் பின்னல், பார்வைக்கு மட்டும் இதைப்போல இருக்கும். ஆய்வுகூடங்களில் முயற்சி நடக்கிறது. ஆனால் ஒரு குரோசே பொம்மையை ஆலையில் அடித்துத் தள்ளுகிற இயந்திரம் இன்னும் வரவில்லை.

அப்படியென்றால் கொழும்பில் ஒரு பெரிய கடையில் உண்மையான குரோசே மேற்சட்டை ஒன்று இரண்டாயிரம் ரூபாவுக்குத் தொங்குகிறபோது அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ ஒரு மனிசர் அதைக் கையால் பின்னியிருக்கிறார். பல நாள் இருந்து பின்னியிருக்கிறார். அந்த இரண்டாயிரத்துக்குள் நூல், கப்பல், வரி, கடைவாடகை, கடைக்காரரின் இலாபம் எல்லாம் போன பிறகு அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? மலிவான குரோசேயில் யாரோ ஒருவரின் நாட்கள் இருக்கின்றன. விலைச்சீட்டில்தான் அவை இல்லை.

எங்கட ஊர்களில் இதை அம்மம்மாக்கள் ரேந்தை என்றுதான் சொல்லுவார்கள். போர்த்துக்கீசரின் சொல் அது. காலியிலும் வெலிகமவிலும் சிங்களப் பெண்கள் மரக்கட்டைகளில் நூல் சுற்றிச் செய்கிற பீரளு ரேந்தையிலும் அதே சொல்தான் இருக்கிறது. தலையணை உறை ஓரம், மேசைவிரிப்பு, கலியாண வீட்டுக்குக் குடுக்கிற கைக்குட்டை என்று அம்மம்மாக்கள் பின்னித் தள்ளினார்கள். அதற்கு யாரும் காசு கேட்டதும் இல்லை, குடுத்ததும் இல்லை. ‘நல்ல கைவேலைக்காரப் பிள்ளை’ என்கிற பேர் கிடைத்தது. அந்தப் பேரை வைத்து ஒரு கொத்து அரிசி வாங்க ஏலாது.

காசுக்காகப் பின்னின கதையும் உலகத்தில் பழசு. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து சனம் செத்துக்கொண்டிருந்தபோது கன்னியர் மடங்களிலும் வசதியான சீமாட்டிகளின் வீடுகளிலும் ஏழைப் பெண்களுக்குக் குரோசே ரேந்தை கற்றுக்கொடுத்தார்கள். அது பணக்கார வீடுகளின் கழுத்துப்பட்டியாகவும் கைமடிப்பாகவும் போனது. அந்தக் காசில் குடும்பங்கள் உயிர் தப்பியது உண்மை. பஞ்சத்தில் இருக்கிறவளால் விலை பேச ஏலாது என்பதும் உண்மை.

யுத்தம் முடிந்த பிறகு எங்கட பக்கத்தில் நடந்த சுயதொழில் பயிற்சிகளை யோசித்துப் பாருங்கள். கோழிக்குஞ்சு குடுத்தார்கள், ஆடு குடுத்தார்கள், தையல் மெஷின் குடுத்தார்கள். பை தைக்க, பொம்மை செய்ய, பூ கட்டப் பழக்கினார்கள். கடைசி நாளில் சான்றிதழும் குழுப்படமும். நாங்கள் கதைத்த அக்காமாரில் ஒருவருக்குக்கூட, தான் செய்த சாமானுக்கு விலை எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லிக் குடுத்திருக்கவில்லை. ‘சந்தையில என்ன விலைக்குப் போகுதோ அதுக்குக் குடுங்கோ’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சந்தையில் போகிற விலை சீனாக் கரடியின் விலை.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறோம்.

போன வருசம் ஒருவர் நாற்பது வண்டு கேட்டார், மகனின் பிறந்தநாளுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் குடுக்க. ஒன்று 650 ரூபா என்று பேசி முடித்தார். முதல் பெரிய ஓடர், சந்தோசத்தில் தலையாட்டினோம். எங்கட கைக்கு நாற்பது முடியாது என்று தெரியும், எங்களுக்கு ஒன்றுக்கே பதினொரு மணித்தியாலம் போகும். ஆகவே நன்றாகப் பின்னுகிற ஒரு அக்காவிடமும் அவவின் அம்மாவிடமும் குடுத்தோம். நூலுக்கும் பஞ்சுக்கும் 200 ரூபா, பெட்டிக்கும் பஸ்ஸுக்கும் 50, மிச்சம் 400 பின்னுகிறவருக்கு. எங்களுக்கு ஒரு சதமும் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டோம். அக்கா விலையைக் கேட்டு ஒரு கணம் பேசாமல் நின்றா. அப்போதுதான் அந்தச் சொல் எங்கட வாயில் வந்தது: “சும்மா இருக்கிற நேரத்தில செய்யுங்கோ அக்கா, அவசரமில்லை.”

மூன்று கிழமையில் பை வந்தது. வேலை அவ்வளவு நேர்த்தி, எங்கட வண்டுகளை ஒளித்துவைக்கலாம் போல இருந்தது. எண்ணி அடுக்குகிறபோதுதான் பார்த்தோம், பன்னிரண்டு வண்டுக்கு நாலு கால்தான். மறந்துவிட்டா என்று நினைத்துப் போன் எடுத்தோம்.

அக்கா சிரித்தா. “மறக்கேல்ல தங்கச்சி. ஒரு கால் பின்னித் தைக்கப் பத்து நிமிசம் போகுது. நீங்கள் தாற காசு நாலு காலுக்குத்தான் காணும். முதல் இருபத்தெட்டுக்கும் ஆறு வைச்சது உங்கட முகத்துக்காக.”

கோபமாகச் சொல்லவில்லை. மரக்கறி விலை சொல்வதுபோலச் சொன்னா. எங்களுக்குத்தான் போனை எப்படி வைப்பது என்று தெரியவில்லை.

அன்றிரவு எங்களில் இரண்டு பேர் இருந்து மிச்சம் இருபத்துநாலு காலையும் பின்னித் தைத்தோம். அக்காவின் பத்து நிமிசம் எங்களுக்கு இருபது. ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடித்தோம். கால் ஒவ்வொன்றாகத் தைக்கிறபோது மனதுக்குள் கணக்கும் ஓடியது. அக்காவின் வேகத்தில் ஒரு வண்டுக்கு ஏழு மணித்தியாலம். 400ஐ ஏழால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 57 ரூபா. அந்த நேரத்தில் இந்த நாட்டின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,080 ரூபா, எட்டு மணித்தியாலம் என்று பிரித்தால் 135. அதில் பாதிகூட நாங்கள் குடுக்கவில்லை. நாற்பது வண்டு என்றால் 280 மணித்தியாலம், 35 நாள் வேலை. அதற்கு 16,000 ரூபாவைக் கடித உறைக்குள் போட்டு ‘பெண்களின் பொருளாதாரத்துக்கு எங்கட சின்னப் பங்களிப்பு’ என்று பேஸ்புக்கில் எழுதவும் இருந்தோம். நல்லகாலம், எழுதவில்லை.

பிறந்தநாளுக்குப் போன நாற்பது வண்டில் ஒன்றின் காலையாவது யாரும் எண்ணினார்களா என்று தெரியாது. எண்ணியிருக்கமாட்டார்கள்.

சிலர் சொல்லுவார்கள், அக்கா சம்மதித்துத்தானே செய்தா, யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று. சம்மதம்தான். 2022இல் டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்றதற்குப் பிறகு எங்கட வீடுகளில் எத்தனை பேர் எத்தனை விதமான விலைக்குச் சம்மதித்திருக்கிறார்கள். வீட்டில் இருந்து பொருளுக்கு இத்தனை என்று பேசிப் பின்னுகிறவரின் நேரத்தை எண்ண ஒருத்தரும் வரமாட்டார்கள். எண்ணுகிற இடத்தில் இருந்தது நாங்கள். எண்ணவில்லை.

‘பொழுதுபோக்கு’ என்கிற சொல்லும் இதில் கூட்டுக்களவாணி. எங்களுக்குப் பின்னல் பொழுதுபோக்குத்தான். பல்கலைக்கழகமும் வேலையும் தந்த களைப்பில் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று எண்ணுவது மனதுக்கு ஆறுதல், அதை விடப்போவதில்லை. ஆனால் பொழுதுபோக்காகப் பின்னுகிற நாங்கள், நூல்காசு வந்தால் காணும் என்று 500 ரூபாவுக்கு விற்கிறபோது, அதே சந்தையில் வயிற்றுப்பாட்டுக்குப் பின்னுகிற ஒருத்தியின் விலையையும் 500க்கு இறக்கிவிடுகிறோம். இதைச் சொன்னால் பின்னல் குழுவில் சண்டை வரும். வந்தது. ‘எங்கட சாமான், எங்கட விருப்பம்’ என்றார்கள். விருப்பம்தான். சும்மா குடுக்க விருப்பமென்றால் தெரிந்த பிள்ளைக்குப் பரிசாகக் குடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. விற்பதென்றால் முழு விலைக்கு விற்போம். ஒருத்தர் காசு குடுத்து வாங்கின மாதிரிப் படிவத்தை நூறு பேர் வற்சப்பில் பகிர்வதும் இதே நோய்தான். அந்தப் படிவத்தை எழுதினவரும் எங்கேயோ இருந்து கண்ணி எண்ணினவர்தான்.

இந்த வருசம் ஜனவரியில் இருந்து குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200. மணித்தியாலத்துக்கு 150. ஏழு மணித்தியாலத்துக்கு 1,050, நூலும் பஞ்சும் 200, பெட்டி, பஸ், மேசை வாடகை, பிழைத்துப்போன வண்டுகள் எல்லாவற்றுக்கும் 200. அப்படித்தான் 1,450 வந்தது. அக்காவின் நேர்த்திக்கு உண்மையில் குறைந்தபட்சச் சம்பளம் காணாது. ஒரு மேசனுக்கோ மின்வேலை செய்பவருக்கோ குறைந்தபட்சச் சம்பளத்தை நீட்டிப் பாருங்கள், சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

வண்டின் கழுத்தில் ஒரு சின்ன மட்டையும் கட்டியிருக்கிறோம்: ‘7 மணித்தியாலம்’. வேறொன்றும் எழுதவில்லை. சிலர் அதைப் பார்த்துவிட்டு விலை கேட்காமலேயே வாங்கினார்கள். சிலர் ஏழு மணித்தியாலம் விளையாடலாமாக்கும் என்று நினைத்தார்கள். ஒரு அண்ணா, இதில் பற்றரி இருக்கா என்று கேட்டார்.

எங்கட தோழி ஒருத்தி கேட்ட கேள்விக்கு மட்டும் எங்களிடம் முழுப் பதில் இல்லை. “1,450க்கு இந்த வண்டை நீங்கள் வாங்குவீங்களா?” இல்லை. மாதக் கடைசியில் எங்களில் ஒருவராலும் வாங்க ஏலாது. வாங்கக்கூடியவர்களுக்கு மட்டுமான சாமான் செய்கிறோமா என்கிற உறுத்தல் இருக்கிறது. இப்போதைக்குக் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: மணித்தியாலத்தின் விலையைக் குறைக்காமல் மணித்தியாலத்தைக் குறைப்பது. திறப்பில் கொழுவுகிற சின்னப் பொறிவண்டு ஒன்று, சிவப்பு முதுகில் ஏழு கறுப்பு முடிச்சு, ஒன்றரை மணித்தியாலம், 350 ரூபா. கால்களைத் தனியாகப் பின்னாமல் கறுப்பு நூலில் ஓரத்தில் ஆறு கோடு தைத்துவிடுகிறோம். அக்காவின் யோசனை அது. ஆறு என்று அழுத்தியும் சொன்னா.

ஏழு மணித்தியால வண்டைத் தான் விரும்பினால் மட்டும், கிழமைக்கு இரண்டுதான் செய்வேன் என்று சொல்லிவிட்டா. மணிக்கட்டு நோகுதாம். பின்னி முடித்த கையோடு காசைக் குடுத்துவிடுகிறோம், விற்காவிட்டால் அது எங்கட பாடு. போன மாதம் ஆறு வந்தது. மூன்று விற்றது. மிச்சம் மூன்றும் எங்கட அலுமாரி மேல் தட்டில், அந்த விலா புடைத்த வண்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.